நிய்யத்தும் மகிழ்ச்சியும்: சித்தி ஜுனைதா பேகத்தின் எழுத்தை முன்வைத்து

காரைக்காலில் நூலொன்றைப் பற்றிய கலந்துரையாடல் முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி தயக்கத்தோடு நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். கல்லூரிப் படிப்பை முடித்தவர். இரு குழந்தைகளுக்குத் தாய். பிள்ளைகள் உறங்கிய பின்னர் சில பக்கங்கள் கதை எழுதுவது அவர் வழக்கம். எழுதும்போது உள்ளத்தில் ஊறும் மகிழ்ச்சியைத் தம்மால் சொல்லில் அடக்க இயலவில்லை என்றும், ஆனால் குறிப்பேட்டை மூடிய மறுகணமே அந்த மகிழ்ச்சியே தம்மைக் குற்றவாளியாக்குகிறது என்றும் அவர் கூறினார். அக்கதைகளில் மார்க்க போதனை எதுவும் இல்லை. அவற்றால் எவருக்கும் பயன் உண்டு என்று அவர் கருதவுமில்லை. இந்த மகிழ்ச்சிக்காகத் தாம் தவ்பா செய்ய வேண்டுமா என்பதே அவருடைய வினா.

அன்று நாம் அளித்த விடை ஆறுதல் மொழியாக அமைந்ததேயன்றி, வினாவின் ஆழத்தை எட்டவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையை ஓரளவேனும் நிறைவு செய்யும் முயற்சியாகும். ஈமான், தன்னைப் பேணுதல், வாழ்வின் நோக்கம் ஆகிய மூன்றும் படைப்பாற்றலோடு எவ்வாறு உறவு கொள்கின்றன என்பதை ஆராய, காரைக்காலுக்குத் தெற்கே சில கல் தொலைவில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் எழுத்து வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

இரு வேறு நோக்குகள்

இலக்கிய மகிழ்ச்சி குறித்து இன்று நம்மிடையே இரு நோக்குகள் நிலவுகின்றன. முதலாவது, கலையையும் கற்பனையையும் வீண் பொழுதுபோக்கு எனக் கொள்வது. இந்நோக்குடையோர் கதையை முற்றாக மறுப்பதில்லை. ஆனால் அது போதனையைச் சுமந்து வரவேண்டும், வழிதவறியவர் இறுதிப் பத்தியில் மனந்திருந்த வேண்டும் என நிபந்தனை விதிப்பர். இரண்டாவது நோக்கு அண்மைக் காலத்தில் பரவி வருவது. மகிழ்ச்சியே குறிக்கோள், உன்னை நீ பேணிக்கொள், மனம் விரும்பியதைச் செய் என்பது அதன் அறிவுரை. பயிலரங்குகளாகவும் கைபேசிக் காணொளிகளாகவும் அது நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது. முன்னது மகிழ்ச்சியை ஐயத்தோடு பார்க்கிறது. பின்னது அதனை விலைப்பொருளாக்குகிறது.

இவ்விரு நோக்குகளும் ஒரே பிழையிலிருந்து கிளைத்தவை என்பது நம் கருத்து. மகிழ்ச்சி வேறு, நோக்கம் வேறு. ஒன்றைக் கொள்பவர் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று இரண்டுமே எண்ணுகின்றன. இஸ்லாமிய மரபு அவ்வாறு எண்ணியதில்லை.

திருக்குர்ஆனில் மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘ஃபரஹ்’ என்னும் சொல் இரு வேறு சூழல்களில் ஆளப்படுவதை நோக்குவோம். சூரா அல்கஸஸின் 76ஆம் வசனம் காரூனின் செருக்கு மிக்க களிப்பைக் கண்டிக்கிறது. சூரா யூனுஸின் 58ஆம் வசனமோ, இறைவனின் அருளையும் கருணையையும் கொண்டு மகிழ்ச்சியடையுமாறு மனிதரைப் பணிக்கிறது. அவர்கள் திரட்டும் செல்வங்களினும் அதுவே சிறந்தது என்றும் கூறுகிறது. சொல் ஒன்றே, அது பற்றி நிற்கும் இடம் வேறு. காரூன் தன் கையிலுள்ளதைத் தன் திறமையின் விளைவாகக் கண்டு களித்தான். இறைநம்பிக்கையாளர் தம் கையிலுள்ளதை அளிக்கப்பட்டதாகக் கண்டு மகிழ்கிறார். எழுத்தாளரின் மகிழ்ச்சிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

கவிதை பற்றிய நிலையும் இத்தகையதே. சூரா அஷ்ஷுஅராவின் இறுதி வசனங்கள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அலைந்து திரியும் கவிஞர்களைச் சாடிவிட்டு, இறைநம்பிக்கையும் நற்செயலும் உடையோரை விலக்கி வைக்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலில் மேடை அமைத்துக் கொடுத்ததை நபிமொழி நூல்கள் பதிவு செய்துள்ளன. பெண் கவிஞர் அல்கன்ஸா (ரலி) தம் உடன்பிறந்தவரை இழந்து பாடிய கையறுநிலைப் பாடல்களை நபியவர்கள் விரும்பிக் கேட்டு, மேலும் பாடுமாறு ஊக்கினார்கள் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். ஆகவே படைப்பின் மகிழ்ச்சி என நாம் குறிப்பிடுவது சிரிப்பும் கேளிக்கையும் நிறைந்த எழுத்தை மட்டுமன்று. துயரைப் பாடும்போதும், சொல் தன் இடத்தில் சரியாக அமர்ந்த கணத்தில் உள்ளம் கொள்ளும் நிறைவு ஒன்று உண்டு. அதுவே இங்கு பேசுபொருள்.

காரைக்கால் முதல் நாகூர் வரை

காரைக்கால், காவிரிப் படுகையின் கடற்கரையில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்ட சிறு நிலப்பகுதி. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாளில் இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து முஸ்லிம்கள் பலர் சைகோன் வரை சென்று வணிகம் செய்தனர். கடல் கடந்த ஆடவரும், கடிதத்தையும் பணத்தையும் எதிர்நோக்கியிருந்த பெண்டிருமாக நம் குடும்பங்கள் பல தலைமுறைகளைக் கழித்தன. இன்று சைகோனின் இடத்தில் வளைகுடா நாடுகளும் பிரான்சும் உள்ளன, காத்திருத்தல் மாறவில்லை. மேற்சொன்ன சகோதரியின் வினா இத்தகைய இல்லம் ஒன்றிலிருந்தே எழுந்தது.

காரைக்கால் என்றவுடன் தமிழுலகம் ஒரு பெண் கவிஞரையே நினைவுகூரும். சைவ மரபு போற்றும் காரைக்கால் அம்மையாரின் நினைவாக ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா இவ்வூரில் நிகழ்கிறது. அவர் இல்லறம் கலைந்த பின்னர்ப் பாடத் தொடங்கினார் என்பது அம்மரபு கூறும் வரலாறு. பெண் படைப்பாளி என்றால் இல்லத்தைத் துறந்தவராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம் பண்பாட்டு நினைவில் ஆழப் பதிந்திருப்பதற்கு இத்தகைய வரலாறுகளும் காரணமாகலாம். துறவை வாழ்க்கை நெறியாக ஏற்காத இஸ்லாமியப் பண்பாட்டில் இவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறாமலேயே ஒரு பெண் படைப்பாளியாக வாழ்வது எங்ஙனம்?

காரைக்காலிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினத்தையும் வாஞ்சூரையும் கடந்தால் நாகூர் வந்துவிடும். அவ்வூரும் தமிழும் கொண்ட உறவு நெடியது. நாகூர்க் கலம்பகம் முதலிய நூல்களை யாத்த குலாம் காதிறு நாவலர் (1833-1908) அவ்வூரினர். பெண்களின் பங்களிப்பும் தமிழ் முஸ்லிம் மரபில் புதியதன்று. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப் பிள்ளையம்மாள் ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றியவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி முறையினால், பள்ளிக்கூடம் காணாத பெண்களும் வீட்டுக்குள்ளிருந்தே நூல்களைப் பயின்றனர்.

ஆயினும் இப்பெண்களின் எழுத்து பெரும்பாலும் ஞானப் பாடலாகவே அமைந்தது. பாடற்பொருள் இறைவனும் இறைநேசரும் ஆதலின், அதில் ஈடுபடுவதற்கு எவரிடமும் விளக்கம் அளிக்க வேண்டிய தேவை எழவில்லை. நாவலின் நிலை வேறு. அது கற்பனை மாந்தரைப் படைத்து, அவர்களைக் காதலிக்கவும் சினக்கவும் விடுவது. சித்தி லெப்பை 1885இல் இலங்கையில் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழ் முஸ்லிம்களின் நாவல் முயற்சிக்குத் தொடக்கமிட்டது. ஒரு முஸ்லிம் பெண் அத்துறையில் அடியெடுத்து வைக்க மேலும் அரை நூற்றாண்டு கடந்தது.

மூன்றாம் வகுப்புக் கல்வியும் ஒரு நாவலும்

சித்தி ஜுனைதா பேகம் 1917இல் நாகூரில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிக் கல்வி நின்றது. பால்யத்திலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கோஷா முறை வேரூன்றிய சமூகத்தில், கைம்பெண்ணாக வாழ்ந்த அவர் 1938இல், தம் இருபத்தோராம் வயதளவில், ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த உ.வே. சாமிநாதையர் அதற்குப் பாராட்டுரை வழங்கினார். பின்னர் ‘சண்பகவல்லி தேவி’, ‘மகிழம்பூ’, ‘ஹலிமா அல்லது கற்பின் மாட்சி’ முதலிய புனைவுகளையும், ‘இஸ்லாமும் பெண்களும்’ போன்ற கட்டுரை நூல்களையும் அவர் எழுதினார். 1998இல் அவர் மறையும் வரை, நாகூர் இலக்கிய வாழ்வில் அவருக்கென ஓர் இடம் இருந்தது.

இவ்வாழ்க்கைக் குறிப்பை மட்டும் படிக்கும் ஒருவர், அவர் எழுத்தில் புலம்பலை எதிர்பார்ப்பார். பறிபோன கல்வி, பறிபோன இல்லறம், அடைபட்ட வீடு ஆகியவற்றைப் பற்றிய ஒரு கண்ணீர்க் காவியத்தை அவர் எழுதியிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். அவர் எழுதியதோ அரசும் கடமையும் காதலும் மோதிக்கொள்ளும் வீரதீரக் கதை. தாம் கண்டிராத அரண்மனைகளை, தாம் நடந்திராத நிலங்களை, தம் வாழ்வோடு நேரடித் தொடர்பற்ற மாந்தரை அவர் படைத்தார். திறனாய்வாளர் இதனைத் தப்பித்தல் எனக் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டிற்குத் தமிழக ஆறுகளையும் நெல்வயல்களையும் கொண்டு சென்றபோது அவர் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. தாம் நேசித்ததைத் தாம் அறிந்ததைக் கொண்டு அலங்கரித்தார். கற்பனை என்பது இறைவன் அளித்த கொடைகளுள் ஒன்று. அதனைக் கையாளுவதே அக்கொடைக்கு ஆற்றும் நன்றியின் ஒரு வகை. அம்மையாரின் நாவலில் இவ்வகை மகிழ்ச்சியே இயங்குகிறது.

நாவலின் தலைப்பு ஒரு வினா என்பதும் நோக்கத்தக்கது. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய நூல்களுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது 1572இல் அரங்கேறிய ‘ஆயிர மசலா’. மசலா என்னும் இலக்கிய வகையே வினாக்களால் ஆனது. வினவுவதிலும் விடைக்காகக் காத்திருப்பதிலும் ஓர் இன்பம் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். விடையை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கேட்போர் எழுந்து போய்விடுவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே.

நோக்கம் எங்கே இருக்க வேண்டும்?

இவ்விடத்தில் நம் மையக் கருத்தை முன்வைக்கிறோம். இன்றைய இஸ்லாமிய இதழ்களில் வெளிவரும் சிறுகதைகளை ஒருங்கே வைத்துப் படிப்போர்க்கு ஒரு சோர்வு உண்டாவதை மறுக்க இயலாது. வரதட்சணை கேட்ட மாமியார் நோயுறுகிறார். தொழுகையைக் கைவிட்ட இளைஞன் விபத்துக்குள்ளாகிறான். இறுதியில் அனைவரும் மனம் வருந்துகின்றனர். இக்கதைகளை எழுதுவோரின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. இவ்விதழிலும் அத்தகைய கதைகளுக்கு இடமளித்திருக்கிறோம். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. அவற்றில் குறைவது எழுதியவரின் மகிழ்ச்சி. கதை எங்கே முடியும் என்பது முதல் வரிக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருப்பதால், எழுதுவோர்க்கு அங்குக் கண்டடைய எதுவுமில்லை. எழுதுவோர் கண்டடையாததை வாசிப்போர் எங்ஙனம் கண்டடைவர்?

நிய்யத்தை நாம் தவறான இடத்தில் வைத்திருப்பதே இந்நிலைக்குக் காரணமாகும். இமாம் புகாரி தம் தொகுப்பின் தொடக்கத்தில் வைத்த நபிமொழி, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதை உணர்த்துகிறது. அந்நபிமொழி எடுத்துக்காட்டும் உவமையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவர் இறைவனுக்காகவும் இறைத்தூதருக்காகவும் ஹிஜ்ரத் செல்கிறார்; மற்றொருவர் உலக ஆதாயத்திற்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ செல்கிறார். இருவரும் நடக்கும் பாதை ஒன்றே; கால்களில் படியும் புழுதியும் ஒன்றே. வேறுபாடு பயணத்தின் தோற்றத்தில் இல்லை, பயணியின் உள்ளத்தில் இருக்கிறது.

அவ்வாறாயின், எழுத்தாளரின் நிய்யத்தைக் கதையின் இறுதிப் பத்தியில் தேடுவது பொருத்தமாகுமா? நிய்யத் எழுதுபவரின் நெஞ்சில் இருக்க வேண்டியது. அதனைக் கதைமாந்தரின் வாயில் திணிக்கும்போது, நோக்கம் போதனையாகச் சுருங்குகிறது. போதனை நுழைந்த வேகத்தில் மகிழ்ச்சி வெளியேறுகிறது. தச்சர் ஒருவர் ஹலாலான வருவாய்க்காகவும் பிறர்க்குப் பயன்படவும் நாற்காலி செய்கிறார். அந்த நிய்யத்திற்கு அவர் கூலி பெறுவார். அதற்காக நாற்காலியின் முதுகில் அவர் எதனையும் பொறித்து வைக்க வேண்டியதில்லை. கால்கள் ஆடாமல் நின்றால் போதும்.

சித்தி ஜுனைதா பேகம் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார் என்றே அவருடைய நூற்பட்டியலைக் காணும்போது தோன்றுகிறது. மார்க்கத்தில் பெண்ணின் நிலை குறித்து அவருக்குச் சொல்லவேண்டியவை இருந்தன. அவற்றை நேர்படச் சொல்லக் கட்டுரை நூலை எழுதினார். வாதத்திற்குக் கட்டுரை, கற்பனைக்குக் கதை எனப் பணியைப் பகுத்துக்கொண்டார். ஒன்றின் சுமையை மற்றொன்றின் தலையில் ஏற்றாத இந்தத் தெளிவு, பட்டம் பெற்ற நம் எழுத்தாளர் பலரிடமும் காணக் கிடைக்காதது.

அதே வேளையில், குறைகளை மறைத்துப் புகழ்வது திறனாய்வாகாது. ‘ஹலிமா அல்லது கற்பின் மாட்சி’ என்னும் தலைப்பிலேயே போதனை முந்திக்கொண்டு நிற்கிறது. ‘அல்லது’ என இரட்டைத் தலைப்பிடுவது அக்கால வழக்கு. ராஜமையரின் நாவலும் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்றே வழங்கியது. எனினும் வழக்கு என்பது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. முதல் நாவலில் வினாக்குறியிட்ட கை, இங்கே விடையை அட்டையிலேயே எழுதிவிடுகிறது. அரச வாழ்வைச் சித்திரிக்கும் பகட்டு நடையும் இன்றைய வாசகரை ஓரளவு விலக்கி நிறுத்தக்கூடும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும் நீதி போதனை மலிந்து கிடக்கிறது. ஆயினும் அவருடைய நகைச்சுவை அதனைச் சமன் செய்தது. அம்மையாரிடம் அத்தகைய சமன்பாட்டை நாம் எல்லா இடத்திலும் காண்பதற்கில்லை.

உடலின் உரிமை

நோக்கம் சரியாக அமைந்தால் மட்டும் போதுமா எனில், போதாது. நம் இல்லங்களில் எழுதும் பெண்ணின் முதற்பகை ஐயமோ கண்டனமோ அன்று, களைப்பே.

ஸல்மான் (ரலி), தம் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக வாழ்ந்த அபூதர்தாவை, ஸல்மான் உண்ணச் செய்தார்; முன்னிரவில் உறங்கச் செய்தார்; பின்னிரவில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கும், ஒருவரின் சொந்த ஆன்மாவுக்கும், குடும்பத்தினருக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்கு வழங்கவேண்டும் என ஸல்மான் உரைத்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். தன்னைப் பேணுதல் என்பது இன்று வணிகர் கண்டுபிடித்த சரக்கன்று. அது நம் மார்க்கம் விதித்த கடன். வேறுபாடு ஒன்று உண்டு. வணிகர் அதனை நம் விருப்பம் என்பர். மார்க்கம் அதனை நம் உடலின் உரிமை என்கிறது. விருப்பத்தை விட்டுக்கொடுக்கலாம். உரிமையை மறுத்தால் கேள்வி உண்டு.

மறுமை நினைவு எப்போதும் ஒரே அளவில் நிலைப்பதில்லையே என வருந்தித் தம்மையே நயவஞ்சகராகக் கருதிய ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அளித்த விடையும் இங்கு நினைவுகூரத்தக்கது. மனித உள்ளத்திற்கு இவ்வேளையும் உண்டு, அவ்வேளையும் உண்டு என்பது அவ்விடையின் சாரம். பெருநாள் தினத்தில் அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களாகவே சலிப்புறும் வரை அதனைக் கண்டு மகிழ நபியவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள். ஓர் இளம்பெண்ணின் மகிழ்ச்சிக்காக அவர்கள் பொறுமையோடு நின்ற அந்த நேரத்தை வீண் என எவர் துணிந்து கூறுவார்?

இந்த இடத்தில் நம் ஆடவரை நோக்கியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். இந்த ஸுன்னாவைப் பேணும் இல்லத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். பேணாத இல்லத்தில், தன்னைப் பேணிக்கொள் என அவரிடம் கூறுவது ஏளனமாகவே முடியும். மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படிக்க விட்ட சமூகமே பின்னர் சித்தி ஜுனைதா பேகத்தைப் பெருமையோடு பட்டியலிடுகிறது. துன்பம் அவரை எழுத்தாளராக்கியது என்று கூறுவது நம் தவற்றுக்கு நாமே அளித்துக்கொள்ளும் மன்னிப்பாகும். துன்பத்தையும் மீறி அவர் எழுதினார் என்பதே உண்மைக்கு அணுக்கமானது. எழுதாமலேயே போன பெண்களின் பட்டியல் எவரிடமும் இல்லை.

கஸ்ஸாலியின் நா

நோக்கத்திற்கும் உடலுக்கும் உள்ள உறவை இமாம் கஸ்ஸாலியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பக்தாதின் நிஸாமிய்யாவில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து மார்க்கக் கல்வியைப் போதித்தவர் அவர். அப்பணியின் மீது குறைகூற எவராலும் இயலாது. ஆயினும் தம்மை அங்கு இயக்குவது புகழாசையே என்பதை அவர் உணரத் தொடங்கினார். மாதங்கள் கழிந்தன, முடிவெடுக்க இயலவில்லை. 1095இல் ஒருநாள் அவர் நா இயங்க மறுத்தது. மாணவர் முன் ஒரு சொல்லும் எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது என்றனர். அவர் பதவியைத் துறந்து வெளியேறினார். அத்தனிமைக் காலத்தின் விளைவே ‘இஹ்யா உலூமித்தீன்’. 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியபோது, செய்த பணி முன்னைய பணியே. செய்தவரின் நிய்யத் மாறியிருந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பொருள் மார்க்கமாக இருப்பதனால் மட்டும் ஒரு பணி தூயதாகிவிடுவதில்லை. குர்ஆன் விளக்கம் எழுதுபவரும் புகழுக்காக எழுதக்கூடும். அரச குமாரர் கதை எழுதுபவரும் இறைவன் அளித்த ஆற்றலை வீணாக்கக் கூடாதென்னும் எண்ணத்தோடு எழுதக்கூடும். எனவே எழுத்தின் பொருளைக் கொண்டு எழுதுபவரை எடைபோடும் நம் வழக்கம் திருத்தப்பட வேண்டியது. எழுத்தின் பொருளுக்கு வரம்பே இல்லை என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவதூறும் ஆபாசமும் இறைமறுப்பும் எந்த நிய்யத்தாலும் நல்லவையாகா. அவ்வரம்பிற்கு உட்பட்ட பரப்பு நாம் எண்ணுவதினும் மிக விரிந்தது என்பதே நம் வாதம்.

விடை

காரைக்கால் சகோதரியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அந்த மகிழ்ச்சிக்காக அவர் தவ்பா செய்ய வேண்டியதில்லை. ஷுக்ர் செய்ய வேண்டும். அது காரூனின் களிப்பா, அருளைக் கண்டு எழும் மகிழ்ச்சியா என்பதை அறிய அவரிடமே ஓர் உரைகல் உள்ளது. எழுதி முடித்த பின்னர், குழந்தையின் அழுகுரல் தொல்லையாகத் தோன்றுகிறதா, அல்லது அதனை அணைக்கும் கை முன்னினும் மென்மையாகிறதா? ஸுப்ஹுத் தொழுகை தவறுகிறதா, அல்லது நன்றி கூற ஒரு காரணம் மிகுந்தவராக அவர் முஸல்லாவில் நிற்கிறாரா? பிறர் எழுத்தைக் காணும்போது பொறாமை எழுகிறதா, மகிழ்ச்சி எழுகிறதா? இவ்வினாக்களுக்கு அவர் தமக்குள் விடை காணட்டும்.

கதையில் போதனை இல்லையே என்னும் கவலையை அவர் விட்டுவிடலாம். மனிதரை உண்மையாகச் சித்திரிக்கும் எழுத்து, எவரையும் எளிதில் தீர்ப்பிடாத ஓர் உள்ளத்தை வாசகரிடம் வளர்க்கிறது. அதுவும் ஒரு பயனே. ஆனால் பயனைக் கருதி எழுத அமர வேண்டாம். நிய்யத்தைச் செம்மையாக்கிக்கொண்டு, உறக்கத்தை முற்றிலும் பலியிடாமல், கதை போகும் வழியில் சென்று பார்க்கட்டும். குறிப்பேடு நிறைந்த பின்னர் அதனை நமக்கு அனுப்பிவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இறுதிப் பத்தியில் எவரேனும் மனந்திருந்த வேண்டும் என்னும் நிபந்தனையை நாம் விதிக்கப் போவதில்லை.

இல்லத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரத்தில் அவரை எதற்கும் அழைக்க வேண்டாம். தேநீர் வேண்டுமாயின் நாமே போட்டுக்கொள்வோம். அவருக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய் வைப்போம்.